குழந்தைகளுக்கான ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டியில் மதிப்பெண் எப்படிக் கணக்கிடப்படுகிறது?

கீழே விழாமல் செய்து முடித்த பிள்ளைக்கும் மதிப்பெண் ஏன் குறைகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். தொடக்க நிலைகளில் பெரும்பாலும் அனைவரும் ஒரே வரிசையிலான அசைவுகளையே செய்வார்கள். நடுவர்கள் 10 மதிப்பெண்ணில் தொடங்கி, மடங்கிய முழங்கால், நீட்டப்படாத பாதம், தரையிறங்கும்போது தடுமாறி எடுத்துவைக்கும் ஓர் அடி என ஒவ்வொரு பிழைக்கும் 0.1, 0.3 என்று கழித்துக்கொண்டே வருவார்கள். இச்சிறு கழிவுகள் சேரும்போது, ஒருமுறை விழுவதால் ஏற்படும் இழப்பையும் அவை எளிதில் மிஞ்சிவிடும். பெண்களுக்கு வால்ட் (ஓடிவந்து மேசைமீது கையூன்றித் தாண்டுதல்), ஏற்ற இறக்கக் கம்பிகள், சமநிலைக் கட்டை, தரைப்பயிற்சி என நான்கு பிரிவுகளும் ஆண்களுக்கு ஆறு பிரிவுகளும் உண்டு. பன்னாட்டுப் போட்டிகளில் 2006 முதல் கடினத்தன்மைக்குத் தனி மதிப்பெண் கூட்டப்படுவதால், தொலைக்காட்சியில் காணும் 14, 15 ஆகிய எண்களோடு உங்கள் பிள்ளையின் மதிப்பெண்ணை (பலரும் செய்யும் தவறு இது) ஒப்பிட வேண்டாம்.