ஹை ஏ மட்டும் ஏறி ஒலிக்கிறதா? பேக்பைப் சாண்டர் ரீட் கேள்வி-பதில்

சாண்டரில் (பேக்பைப்பின் துளையிட்ட ஸ்வரக் குழாய்) லோ ஏ, அதாவது நம் ஷட்ஜம், டிரோனோடு (ஒரே சுருதியை இடைவிடாமல் ஒலிக்கும் குழாய்) அழகாகச் சேர்கிறது, ஹை ஏ, அதாவது மேல் ஷட்ஜம், மட்டும் சுருதி கூடி நிற்கிறது. அந்தத் துளையில் டேப் ஒட்டிவிடலாமா?

டேப்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் ரீட்டை (சாண்டரின் தலையில் செருகியிருக்கும், ஒலி எழுப்பும் நாணல் இதழ்கள்) கொஞ்சம் மேலே ஏற்றிப் பாருங்கள். ரீட் கீழே இறங்க இறங்க எல்லா ஸ்வரமும் கூடும், ஆனால் மேல்கை ஸ்வரங்கள் (சாண்டரின் மேல் பாதியில் உள்ள துளைகள்) இன்னும் அதிகமாகக் கூடும், ஏனென்றால் ரீட்டிலிருந்து ஹை ஏ துளை வரையுள்ள காற்றுப்பாதை குட்டை, அதில் ஒரு மில்லிமீட்டர் குறைந்தாலே பெரிய பங்கு போய்விடும். லோ ஏ வரையுள்ள நீளத்தில் அதே ஒரு மில்லிமீட்டர் அவ்வளவாகத் தெரியாது.

ரீட்டைக் கழற்றும்போது இதழ்களைத் தொடாதீர்கள், நூல் சுற்றிய பகுதியைப் பிடித்து மெதுவாகத் திருகி எடுங்கள். ரீட்டின் செப்புக் குழாயின் அடியில் மெழுகு நூலை இரண்டே சுற்று சுற்றுங்கள், திரும்பச் செருகும்போது முன்பு இறங்கிய ஆழத்துக்கு அது இறங்காது. ஐந்து நிமிடம் வாசித்துவிட்டு லோ ஏ, ஹை ஏ இரண்டையும் மாறி மாறிக் கேளுங்கள், போதவில்லை என்றால் இன்னும் ஒரு சுற்று. மொத்தச் சுருதியும் கொஞ்சம் இறங்கியிருக்கும், அதற்கேற்ப டிரோன்களை நீட்டிக்கொள்ளுங்கள். ஹை ஏ தாழ்ந்து ஒலிக்கிறவர்கள் இதையே தலைகீழாகச் செய்யுங்கள், நூலைக் குறைத்து ரீட்டை இறக்குங்கள். ஆனால் ரீட் ஆடும் அளவுக்கு நூலைக் குறைக்க வேண்டாம், ஆடினால் ஓரத்தில் காற்றுக் கசியும், ஒருநாள் பைக்குள்ளேயே விழுந்தும்விடும்.

சி ஸ்வரம் டியூனரில் 14 சென்ட் (ஒரு சென்ட் என்பது அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு) குறைவாகக் காட்டுகிறது. எப்படிச் சரிசெய்வது?

சரிசெய்யாதீர்கள், அது சரியாகத்தான் இருக்கிறது! டிரோன் இடைவிடாமல் ஒலிக்கும் வாத்தியம் இது, அதனால் ஸ்வரங்கள் டிரோனோடு சுத்தமான அதிர்வெண் விகிதத்தில் நிற்க வேண்டும். சி (டியூனரில் சி ஷார்ப்) என்பது லோ ஏ-வுக்கு 5:4, சாதாரண டியூனர் கணக்கில் அது 14 சென்ட் குறைவு. எஃப் (டியூனரில் எஃப் ஷார்ப்) 5:3, அதுவும் 16 சென்ட் குறைவாகவே காட்டும். ஈ நம் பஞ்சமம், 3:2, அது 2 சென்ட் கூடுதல். இந்தக் கணக்கெல்லாம் லோ ஏ-வை டியூனரில் பூஜ்யமாக வைத்துப் பார்த்தால்தான் பொருந்தும். எனக்கு டியூனரை விடக் காது மேல்: டிரோனோடு சேர்த்துப் பிடிக்கும்போது வவ்-வவ் என்ற அதிர்வு அடங்கிவிட்டால் ஸ்வரம் வந்துவிட்டது.

புது ரீட் ரொம்ப இறுக்கம். பாதிப் பாட்டில் மூச்சு தளர்ந்து மேல் ஸ்வரங்கள் தொய்கின்றன.

இதைச் சுருதிக் கோளாறு என்று நினைத்து டேப் ஒட்டியே நொந்துபோகிறவர்கள் நிறைய. இறுக்கமான ரீட்டில் அழுத்தம் நிலையாக நிற்காது, அழுத்தம் நிற்காவிட்டால் சுருதியும் நிற்காது. தினம் பத்து நிமிடமாக ஒரு வாரம் வாசித்துப் பாருங்கள், நாணல் தானாகவே கொஞ்சம் இளகும். இளகாவிட்டால், நூல்கட்டுக்குச் சற்று மேலே இதழ்களின் தட்டையான பக்கத்தைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டிவிரலாலும் லேசாக அழுத்தி, சில நொடி வைத்திருந்து விடுங்கள். நுனியைப் பாருங்கள், இதழ்களுக்கு நடுவே உள்ள அந்தச் சின்ன நீள்வட்ட வாய் ஒரு மயிரிழை சுருங்கியிருக்கும், அது போதும். ஊதிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த அழுத்து, அவசரப்பட்டால் நாணல் விரிசல் விடும். அதிகம் இளகிவிட்டதா? அதே இடத்தில் இரு ஓரங்களையும் பக்கவாட்டில் அழுத்தினால் வாய் திரும்ப விரியும்.

கால் மணி நேரம் வாசித்ததும் எல்லாமே சுருதி ஏறிவிடுகிறது.

ஏறத்தான் செய்யும். உள்ளே காற்று ஒரு டிகிரி சூடானால் சுருதி சுமார் 3 சென்ட் கூடும். நன்றாகச் சூடேறிய பிறகு சுருதி சேருங்கள், அதற்கு முன் எதையும் தொட வேண்டாம்.

டி மட்டும் தாழ்ந்திருக்கிறது. துளையைக் கத்தியால் பெரிதாக்கலாமா?

கத்தி கடைசி வழி, செதுக்கியதைத் திரும்ப ஒட்ட முடியாது. முதலில் துளையின் மேல் விளிம்பைப் பாருங்கள்: பழைய டேப் வழுக்கி இறங்கியிருக்கும், இல்லாவிட்டால் வியர்வையும் அழுக்கும் படிந்திருக்கும், இரண்டுமே ஸ்வரத்தைத் தாழ்த்தும். துடைத்தும் சரியாகாவிட்டால் ரீட்டைச் சற்று இறக்கி எல்லாவற்றையும் தூக்குங்கள், டி சரியான இடத்துக்கு வந்ததும் கூடிப்போன மற்ற துளைகளின் மேல் விளிம்பை டேப்பால் கொஞ்சம் மூடி இறக்குங்கள். ஒருநாள் மாலை முழுக்கப் போகும், ஆனால் சாண்டருக்குச் சேதம் இருக்காது.