குரல் கேட்பவர்களோடு மகள் வேலை பார்க்கலாமா?

கோத்தகிரி அம்மாவுக்கு வணக்கம்.

பிளஸ் டூ எழுதப்போகும் மகள் இசை சிகிச்சைதான் படிப்பேன் என்று நிற்கிறாள், யாரும் பேசாமலே காதில் குரல் கேட்கிற நோயாளிகளோடு உட்கார்ந்தால் இவளுக்கும் ஏதாவது ஆகிவிடுமோ என்று தூக்கமே இல்லை என்கிறீர்கள். இப்படிக் குரல் கேட்க வைக்கும் மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) ஒட்டுவாரொட்டி நோய் இல்லை அம்மா. அந்தப் பயத்தை முதலில் இறக்கி வையுங்கள்.

ஊட்டியில் ஒரு மறுவாழ்வு இல்லத்தில் பார்த்ததைச் சொல்கிறேன். தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்த ஒருவர், ஸ்வெட்டரை இழுத்துப் போர்த்தியபடி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். யாரிடமும் பேச்சில்லை. சிகிச்சையாளர் எதிரே அமர்ந்து மேஜையில் மூன்று தட்டு தட்டிவிட்டுக் காத்திருந்தார். டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. அப்புறம் அவரும் மூன்று தட்டு தட்டினார். இவர் நான்கு, அவரும் நான்கு. அன்றைய வேலை அவ்வளவே. உங்கள் மகளுக்கு இந்தப் பொறுமை இருக்கிறதா என்று பாருங்கள். குரல்வளம் அப்புறம்.

குரலை விரட்டும் ராகம் என்று ஒன்று கிடையாது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2017-இல் வெளியிட்ட தொகுப்பு, 18 ஆய்வுகளில் 1,215 பேரைப் பார்த்தது. வழக்கமான சிகிச்சையோடு இசையும் சேரும்போது, ஒதுங்கிக் கிடப்பதும் எதிலும் நாட்டமில்லாமல் இருப்பதும் குறைகின்றன. அதுவும் போதிய அமர்வுகள் நடந்தால்தான். மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவரை நம்பவே நம்பாதீர்கள். ஹெட்போன் பாட்டு சிலருக்குக் குரலை அமுக்கும். சிலருக்குப் பாட்டு வரியே தனக்கு வந்த கட்டளையாகத் தோன்றும். யாருக்கு எது என்று கண்டுபிடிக்க உளவியல் தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே முதலில் பி.எஸ்சி. உளவியல் சேருங்கள், கோவையிலேயே இருக்கிறது. பாட்டு வகுப்பை விட வேண்டாம். பிறகு இசை சிகிச்சை. புதுச்சேரி ஸ்ரீ பாலாஜி வித்யாபீடத்தில் இதற்கென்றே ஒரு மையம் உண்டு. எங்கே சேர்ந்தாலும், நோயாளிகளோடு எத்தனை மணி நேரப் பயிற்சி என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். மறுவாழ்வுத் துறையினரைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் மருத்துவ உளவியலாளருக்குப் பதிவு உண்டு, இசை சிகிச்சையாளருக்கு இல்லை. முழுநேர வேலையும் குறைவு. உளவியல் பட்டம் கையில் இருந்தால் சோற்றுக்குக் கஷ்டமில்லை.

கடைசி வரியில், "அவள் மாமாவுக்கும் இப்படித்தான்" என்று எழுதிவிட்டு நிறுத்திவிட்டீர்கள். அவள் பிடிவாதம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் டாக்டரைப் பார்க்கிறாரா? இல்லையென்றால் இன்றே 14416-க்குப் பேசுங்கள். டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, இலவசம், தமிழிலேயே பேசலாம். மகள் படித்து முடிக்க ஐந்தாறு வருடமாகும். அதுவரை அவரைக் காக்க வைக்காதீர்கள்.