ஒரே ஸ்கிரிப்ட், மூன்று ஐகான்

கேள்வி: எங்கள் தோட்டத்தில் மூன்று டிவிஷன். மாதக் கடைசியில் ஒவ்வொன்றின் செக்ரோல் (தொழிலாளர் வருகை, சம்பளப் பதிவு) கோப்பையும் அதற்குரிய ஃபோல்டரில் நகலெடுக்க மூன்று பேட்ச் ஃபைல் (கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பு) வைத்திருக்கிறேன். கோப்பை ஐகான்மேல் இழுத்துப் போடுவேன். கோப்பின் பெயரில் இடைவெளி இருந்தால் கோப்பைக் காணோம் என்கிறது. மேற்கோள் குறி போட்டும் பயனில்லை. மூன்று ஐகானும் ஒரே மாதிரி இருப்பதால் வேறு ஆள் உட்கார்ந்தால் டிவிஷன் மாறிவிடுகிறது.
– தோட்டக் கிராணி, சுங்கை சிப்பூட்

பதில்: சிக்கலே அந்த மேற்கோள் குறிதான். பெயரில் இடைவெளி இருந்தால் விண்டோஸே முழுப் பாதைக்கும் மேற்கோள் போட்டு அனுப்புகிறது. ஸ்கிரிப்டில், அதாவது பேட்ச் ஃபைலுக்குள், அந்தப் பாதை வந்து அமரும் இடம் %1. அதற்கு நீங்களும் மேற்கோள் போட்டு "%1" என்று எழுதினால் குறி இரட்டிப்பாகி, இடைவெளியில் பெயர் உடைகிறது. "%~1" என்று எழுதுங்கள். டில்டா (~ குறி), வந்த மேற்கோளைக் கழற்றிவிடும். நீங்கள் போட்டது மட்டும் நிற்கும்.

மூன்று ஃபைலும் தேவையில்லை. ஒன்றை வைத்துக்கொண்டு அதற்கு மூன்று ஷார்ட்கட் செய்யுங்கள். ஷார்ட்கட்டின் பிராப்பர்ட்டீஸில் டார்கெட் பெட்டியில், மூடும் மேற்கோளுக்கு வெளியே, ஓர் இடைவெளி விட்டு டிவிஷன் எண்ணைச் சேருங்கள்:

"டி:\செக்ரோல்\நகல்.பேட்" 2

எண்ணை மேற்கோளுக்குள் எழுதினால் டார்கெட் செல்லாது என்று விண்டோஸ் மறுக்கும். இழுத்துப் போடும் கோப்பு கடைசியில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே இனி ஸ்கிரிப்டில் %1 டிவிஷன் எண், "%~2" கோப்பு. காப்பி கட்டளையில் போய்ச்சேரும் ஃபோல்டரின் பெயரை \ குறியோடு முடியுங்கள். அது இல்லாமல், ஃபோல்டரும் இல்லாமல் போனால், செக்ரோல் அந்த ஃபோல்டரின் பெயரிலேயே ஒரு கோப்பாக உட்கார்ந்துவிடும். குறி இருந்தால் பாதை இல்லை என்று சொல்லி நிற்கும். சம்பளக் கணக்கில் இது சின்ன விஷயமில்லை.

கோப்பே போடாமல் ஐகானைத் தட்டுபவர்களும் உண்டு. "%~2" காலியா என்று முதல் வரியிலேயே சோதித்து, செய்தி காட்டி, பாஸ் (pause) கட்டளையில் நிறுத்துங்கள். பல கோப்புகளை ஒன்றாகப் போட்டால் அவை %2, %3, %4 என்று வரும். ஒவ்வொன்றாக எடுக்க ஷிஃப்ட் /2 போட வேண்டும். வெறும் ஷிஃப்ட் போட்டால் டிவிஷன் எண்ணும் நகர்ந்து தொலையும்.

டில்டாவாலும் முடியாதது ஒன்று உண்டு: பெயரில் இடைவெளி இல்லாமல் & குறி இருந்தால் விண்டோஸ் மேற்கோள் போடாது, ஸ்கிரிப்டுக்கு வருமுன்பே வரி அறுந்துவிடும். அந்தக் குறியைப் பெயரிலிருந்து எடுத்துவிடுங்கள்.

பேட்ச் ஃபைலுக்கென்று தனி ஐகான் வைக்க முடியாது, ஷார்ட்கட்டுக்கு முடியும். சேஞ்ச் ஐகானைத் தட்டினால் இந்தக் கோப்பில் ஐகான் இல்லை என்று வரும். ஓகே கொடுத்தால் விண்டோஸின் சொந்தப் பட்டியல் திறக்கும். உங்கள் சொந்தப் படத்தை வைப்பதானால் பென்டிரைவில் வேண்டாம், அதைக் கழற்றியதும் ஐகான் வெற்றுத் தாளாகிவிடும்.

கேள்வி: இதையே மைக்ரோசாஃப்டின் ஸ்கிரிப்ட் மொழியான விபிஸ்கிரிப்டில் எழுதலாமா?
– வாசகர், தாப்பா

பதில்: எழுதலாம், அங்கே பாராமீட்டர்களின் (ஸ்கிரிப்டுக்கு அனுப்பும் டிவிஷன் எண், கோப்பு போன்றவை) வரிசை எண் 0-வில் தொடங்கும். ஆனால் விபிஸ்கிரிப்டைக் கைவிடப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2023-லேயே அறிவித்துவிட்டது. புதிதாக எழுதுவதற்கு விண்டோஸின் இன்னொரு ஸ்கிரிப்ட் மொழியான பவர்ஷெல்லே நல்லது. அதன் கோப்பின்மேல் நேரடியாக எதையும் இழுத்துப் போட முடியாது. டார்கெட்டில் பவர்ஷெல்லை வைத்து, -ஃபைல் என்ற சுவிட்சுக்குப் பின் ஸ்கிரிப்டின் பாதையைக் கொடுத்து ஷார்ட்கட் செய்தால் போடலாம்.