மூன்று வயதுக் குழந்தையோடு ஊட்டி: ரயிலா, காரா?

கேள்வி: டிசம்பர் கடைசியில் ஊட்டி போகலாம் என்று இருக்கிறோம். மகளுக்கு மூன்று வயது. நீலகிரி எக்ஸ்பிரஸில் போய் மேட்டுப்பாளையத்தில் அப்படியே மலை ரயில் ஏறி, இரண்டே நாளில் பொட்டானிக்கல் கார்டன், படகு இல்லம், தொட்டபெட்டா, பைக்காரா, குன்னூர், முதுமலை எல்லாம் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்கிறார் என் வீட்டுக்காரர். மாமியாரோ, "பச்சப் புள்ளைய வெச்சுக்கிட்டு ராத்திரி ரயிலா? பேசாம கார் எடுங்க" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
- வாசகி, அண்ணா நகர், சென்னை

பதில்: ரயில் விஷயத்தில் உங்கள் வீட்டுக்காரர் சொல்வதுதான் சரி. ஆனால் இரண்டு நாளில் ஆறு இடம் என்பதை அவர் தனியாகப் போகும்போது வைத்துக்கொள்ளட்டும்.

காரில் போனால் ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல், குழந்தையை ஒரே இடத்தில் உட்கார வைத்தபடி, கடைசியில் கொண்டை ஊசி வளைவுகள் வேறு. அதுவரை சமர்த்தாக இருந்த பிள்ளை அங்கேதான் வாந்தி எடுக்கும். போதாக்குறைக்கு 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகள் நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் வேண்டும். நீலகிரி எக்ஸ்பிரஸ் சென்ட்ரலில் ராத்திரி ஒன்பது மணிவாக்கில் கிளம்புகிறது. வீட்டிலேயே சாப்பாடு ஊட்டி, நைட் டிரஸ் மாட்டி, கதை சொல்லித் தூங்கவைக்கும் நேரத்துக்குச் சரியாக வண்டி ஏறிவிடலாம். தூங்கி எழுந்தால் மேட்டுப்பாளையம். கோவையில் பெட்டி பாதி காலியாகும், விளக்கு எரியும், பெட்டிகளை இழுக்கும் சத்தம் கேட்கும், குழந்தை அங்கேயே விழித்துக்கொண்டால் மறுபடி தூங்கவைக்கப் போராடாதீர்கள், ஜன்னல் பக்கம் உட்கார வைத்து ஒரு பிஸ்கட்டைக் கையில் கொடுங்கள்.

முன்பதிவு பயண நாளுக்கு 60 நாள் முன்பே தொடங்கிவிடும். டிசம்பர் விடுமுறைக்கு முதல் நாளே உட்கார்ந்துவிடுவது நல்லது. புக் செய்யும்போது 'ஒரு கீழ் பெர்த்தாவது கிடைத்தால் மட்டும்' என்று ஒரு தேர்வு வரும், அதைப் போடுங்கள். கீழ் பெர்த்தில் குழந்தை சுவர் பக்கம், நீங்கள் வெளிப்பக்கம். அந்தப் பக்கம் கீழே விழ வழியில்லை, இந்தப் பக்கம் நீங்கள் அணை. பெர்த் எண்ணையும் பாருங்கள், கதவுக்கும் கழிப்பறைக்கும் ஒட்டிய முதல் எட்டும் கடைசி எட்டும் வந்தால் ராத்திரி முழுக்கக் கதவு அடித்துக்கொண்டே இருக்கும். ஸ்லீப்பரா ஏசியா என்றால் என் ஓட்டு மூன்றடுக்கு ஏசிக்குத்தான். வசதி ஒரு காரணம், இன்னொன்று ஸ்லீப்பர் ஜன்னலின் இரும்பு ஷட்டர். சில பெட்டிகளில் அதன் தாழ் தேய்ந்திருக்கும், வண்டி குலுங்கும்போது சட்டென்று இறங்கும், பிஞ்சு விரல் அங்கேதான் இருக்கும். ஸ்லீப்பர்தான் கிடைத்தது என்றால் ஏறியதும் ஷட்டரை இரண்டு தடவை தூக்கித் தாழ் போட்டுப் பார்த்துவிட்டு மற்றதைப் பாருங்கள்.

மாற்றுத்துணி இரண்டு செட், டயபர், ஈரத் துடைப்பான், ஃபிளாஸ்கில் வெந்நீர், காய்ச்சல் மருந்து இவ்வளவும் தோளில் மாட்டும் பையில். பெர்த்துக்கு அடியில் தள்ளிய பெரிய பெட்டியை நடுராத்திரி இருட்டில் யாரும் திறக்க முடியாது. டயபர் பழக்கம் விட்டிருந்தாலும் அந்த ஒரு ராத்திரிக்குக் கௌரவம் பார்க்காமல் போட்டுவிடுங்கள். உங்கள் போன் நம்பரை ஒரு சீட்டில் எழுதிக் குழந்தையின் பாக்கெட்டில் வையுங்கள், ஸ்டேஷன் கூட்டத்தில் அது வேண்டியிருக்கும்.

இனி மலை ரயில். 1899-ல் குன்னூர் வரையும் 1908-ல் ஊட்டி வரையும் ஓட ஆரம்பித்த, 2005-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த வண்டி. கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்துக்கு நடுவே பல்சட்டம் இருக்கும், என்ஜினின் பல்சக்கரம் அதில் கடித்துக் கடித்து ஏறும், அதுவும் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு. பெரியவர்கள் வாழ்க்கையில் ஒரு தடவையாவது போகவேண்டியது, சந்தேகமே இல்லை. ஆனால் காலை ஏழு மணிக்கு மேல் கிளம்பி ஊட்டி சேர மதியம் ஆகிவிடும், பெட்டிக்குள் கழிப்பறை கிடையாது, வழியில் நிற்கும் ஸ்டேஷன்களில்தான் இறங்கிப் போகவேண்டும். ராத்திரி முழுக்க ரயிலில் வந்த மூன்று வயதுப் பிள்ளைக்கு அதற்கு மேல் ஐந்து மணி நேரமா? முதல் சுரங்கத்தில் கைதட்டும், மூன்றாவதில் சிணுங்கும், குன்னூரில் உங்களை ஒரு வழி பண்ணிவிடும். டிசம்பரில் வேறு தொல்லையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையில் பாதையில் மண் சரிந்து ரயிலை ரத்து செய்வது அந்தப் பக்கம் அடிக்கடி நடப்பது. அதனால் மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ்ஸிலோ டாக்ஸியிலோ ஊட்டி போய் அறையில் தூங்குங்கள். மறுநாள் ஊட்டியிலிருந்து குன்னூருக்கு மட்டும் மலை ரயிலில் இறங்குங்கள். ஒரு மணி நேரத்துக்குச் சற்றுமேல்தான். டீசல் என்ஜின்தான் இழுக்கும், நீராவிப் புகை இல்லையே என்று உங்கள் வீட்டுக்காரர் கொஞ்சம் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். திரும்ப பஸ் இருக்கிறது.

பட்டியலில் முதுமலையை இப்போதே அடித்துவிடுங்கள், அது கூடலூர் பக்கம் தனியாகப் போகவேண்டிய பயணம். பைக்காராவும் வேண்டாம். முதல் நாள் மதியத்துக்கு மேல் பொட்டானிக்கல் கார்டன் மட்டும். 1848-ல் போட்ட தோட்டம், இரண்டு கோடி ஆண்டுப் பழமையான கல்மரம் இருக்கிறது, உங்கள் மகள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள், புல்தரைச் சரிவில் உருண்டுகொண்டிருப்பாள், சாயங்காலம் முழுக்க அங்கேயே விடுங்கள். மறுநாள் குன்னூர் ரயில், வந்து படகு. நேரம் மிஞ்சினால் தொட்டபெட்டா. 2,637 மீட்டர் உயரம், காற்று காதை அறுக்கும், குல்லா இல்லாமல் கூட்டிப் போகாதீர்கள். அப்புறம், நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை, வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மகனுக்கு நாலரை வயது. டிக்கெட் எடுக்கவேண்டுமா?
- வாசகர், சேலம்

பதில்: ஐந்து வயது நிறையும்வரை டிக்கெட் வேண்டாம், தனி பெர்த்தும் கிடையாது. பெர்த் வேண்டுமென்றால் முழுக் கட்டணம். ஐந்து நிறைந்து பன்னிரண்டுக்குள் இருந்தால் பெர்த்தோடு முழுக் கட்டணம், பெர்த் இல்லாமல் பாதி. நாலரை வயதுப் பையன் காலை நீட்டி உதைத்துத் தூங்குகிற ரகம் என்றால் காசு போனால் போகிறது என்று பெர்த் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் ராத்திரி முழுக்க நீங்கள்தான் உட்கார்ந்திருப்பீர்கள்.

கேள்வி: ஏழு மாதக் குழந்தைக்கு ரயிலில் சேலைத் தொட்டில் கட்டலாமா? அம்மா கட்டலாம் என்கிறார்.
- வாசகி, திண்டுக்கல்

பதில்: நம் ஊர் ரயில்களில் காலகாலமாகக் கட்டுகிறார்கள், பிள்ளைகளும் சுகமாகத்தான் தூங்குகின்றன. ஆனால் வண்டி திடீரென்று பிரேக் போட்டால் தொட்டில் வீசி எதிர் பெர்த்தின் விளிம்பில் இடிக்கும். நடு பெர்த்தின் சங்கிலியில் கட்டியிருந்தால், ராத்திரி பத்து மணிக்கு அந்த பெர்த்துக்காரர் வந்து நிற்கும்போது தூங்கும் பிள்ளையைக் கலைத்துத்தான் அவிழ்க்கவேண்டும். எதிர் சீட்டுக்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, மேல் பெர்த் கம்பிகளில், தரையிலிருந்து அரை முழத்துக்கு மேல் போகாமல் தாழ்வாகக் கட்டி, ஒருவர் கையைத் தொட்டிலில் வைத்தபடி பக்கத்திலேயே இருப்பதானால் பகல் தூக்கத்துக்குச் சரி. ராத்திரிக்கு வேண்டாம், கீழ் பெர்த்தில் உங்கள் பக்கத்திலேயே போட்டுக்கொள்ளுங்கள்.