மகள் கேட்ட 17 இலக்க எண்

தொண்டி அண்ணே, 12345678987654321 பகா எண்ணான்னு மகள் கேட்கிறா, போன் கால்குலேட்டர் கடைசி இலக்கங்களைக் காட்டலைன்னு எழுதியிருந்தீங்க. போனே வேண்டாம். இலக்கங்களைக் கூட்டுங்க: 81. அப்போ 9-ஆல் மீதியில்லாம வகுபடும்; பகா எண் இல்லை.

இதைவிட அழகு ஒண்ணு இருக்கு. 111111111-ஐ அதாலேயே பெருக்கினா இந்த எண்தான். பாம்பன்ல, தெர்மாகோல் மீன்பெட்டி மூடியில என் மகனோட ஒன்பது வரிசை எழுதினேன், ஒவ்வொண்ணையும் ஒரு இடம் இடப்பக்கம் தள்ளி. கூட்டினா நடுவுல 9, இருபக்கமும் தனுஷ்கோடி மணல்மேடு மாதிரி சரிவு.

111111111 = 3×3×37×333667. அதனால உங்க எண்ணுல 3 நாலு தடவை, 37-உம் 333667-உம் ரெண்டு ரெண்டு தடவை வரும். அந்தத் தடவைகள் ஒவ்வொண்ணோடயும் ஒண்ணைக் கூட்டிப் பெருக்கினா 5×3×3 = 45 காரணிகள். காரணிகள் ஜோடியாத்தான் வரும். 111111111-க்கு மட்டும் ஜோடி அதுவேதான், அதான் காரணிகளோட எண்ணிக்கை ஒற்றைப்படை. விடையைச் சொல்லிடாதீங்க அண்ணே, மகள்கிட்ட ஒரு பெட்டி மூடியைக் கொடுங்க.