கேளுங்க சொல்றோம்: வீட்டுல ஒண்ணு, ஃபார்ம்ல ஒண்ணு

வாசகி, மேற்கு மாம்பலம்: நாங்க மதுரைப் பக்கம், வீட்டுல சௌராஷ்டிரா பேசுவோம். பொண்ணோட ஸ்கூல் ஃபார்ம்ல தாய்மொழின்னு ஒரு கட்டம் இருக்கு. வீட்டுக்காரர், எதுக்கு வம்பு, தமிழ்னே போடுங்கிறார். என்ன போட?

சௌராஷ்டிரான்னே போடுங்கம்மா. கட்டத்துல என்ன எழுதினாலும் பொண்ணு ஸ்கூல்ல தமிழ் படிக்கத்தான் போறா, அதுல வம்பு எங்க வருது? ஃபார்ம் வேற சென்சஸ் வேறதான், ஆனா இங்க தமிழ்னு எழுதிப் பழகினவங்க நாளைக்குக் கணக்கெடுக்க வர்றவங்ககிட்டயும் வாய் தவறாம அதையேதான் சொல்லுவாங்க. 2011 சென்சஸ்ல ஜனங்க சொன்ன தாய்மொழி பேரு மொத்தம் 19,569, அதைச் சலிச்சு 1,369 ஆக்கி, அப்புறம் ஒண்ணோட ஒண்ணு சேர்த்து, பத்தாயிரம் பேருக்கு மேல பேசுறதுன்னு 121 மொழியில கொண்டுவந்து நிறுத்தினாங்க. இந்தச் சேர்க்குற வேலையில உங்க சௌராஷ்டிரா குஜராத்திக்குக் கீழ போயிடுது, நீலகிரி படுகு கன்னடத்துக்குக் கீழ, போஜ்புரி ஹிந்திக்குக் கீழ (ஹிந்தி நம்பர் ஏன் அவ்ளோ பெருசா இருக்குன்னு இப்ப புரியுதா?). ஏன், நம்ம தமிழ் கணக்குலயும் இருளர்கள் பேசுற இருளா மொழி உட்கார்ந்திருக்கே. இருந்தாலும் உள்ள சௌராஷ்டிராவுக்குன்னு தனி வரி ஒண்ணு வச்சிருக்காங்க, நீங்க வாயைத் திறந்து சொன்னாதான் அந்த வரியில ஆள் ஏறும். தமிழுக்கு ஒண்ணும் ஆள் பஞ்சம் இல்ல, உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க.

வாசகர், சூளை: ரூபா நோட்டுல எத்தனை மொழி சார்?

17. பின்பக்கப் பட்டியல்ல 15, அது போக ஹிந்தி, இங்கிலீஷ். இங்கிலீஷ் அகரவரிசைப்படி அடுக்கினதால நம்ம ஆளு கீழேருந்து மூணாவது. அரசியல் சட்டத்தோட எட்டாவது அட்டவணையில 22 மொழி இருக்கு, ஆனா அதுல இருக்குற சந்தாலி, போடோ எல்லாம் நோட்டுல கிடையாது.

கல்லூரி மாணவர், ராயபுரம்: பிப்ரவரி 21 தாய்மொழி தினம்னு ஸ்டேட்டஸ் போடுறாங்களே, அந்தத் தேதிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?

தேதி டாக்காவோடது, அப்போ அது பாகிஸ்தானுக்குள்ள இருந்துச்சு. உருது மட்டும்தான் ஆட்சிமொழின்னு பாகிஸ்தான் அரசு நின்னப்போ, வங்காளமும் வேணும்னு 1952-ல ஊர்வலம் போன பசங்களை அன்னைக்குச் சுட்டாங்க. யுனெஸ்கோ 1999-ல அறிவிச்சுது. நமக்கு ஜனவரி 25 இருக்கு தம்பி, மொழிப்போர் தியாகிகள் நாள். நடராசனும் தாளமுத்துவும் 1939-ல ஹிந்தி எதிர்ப்புல ஜெயிலுக்குப் போய் உயிரை விட்டவங்க, சமாதி உங்க ராயபுரத்துக்குப் பக்கத்துல மூலக்கொத்தளத்துலதான். எழும்பூர்ல சிஎம்டிஏ ஆபீஸ் இருக்கே, அந்தக் கட்டடத்துக்கு அவங்க பேருதான். பிளான் அப்ரூவலுக்கு அலையுற டென்ஷன்ல போர்டை யாரு படிக்கிறா!

வாசகி, வியாசர்பாடி: மருமக தெலுங்கு, நாங்க தமிழ். பேரன் ரெண்டையும் கேட்டுக் குழம்பிடுவானா?

குழம்ப மாட்டான். அவளைத் தெலுங்குலயே கொஞ்சச் சொல்லுங்க, நீங்க தமிழ்ல திட்டுங்க. யார்கிட்ட எதைப் பேசினா பிஸ்கட் கிடைக்கும்னு அவன் சீக்கிரமே கண்டுபிடிச்சிடுவான்.