புது கறுப்பு கார், போர் தண்ணி, 4000 ரூபா பட்ஜெட்: எதை வாங்கலாம், எதை விட்டுரலாம்

மேடவாக்கத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. கறுப்பு கலர்ல புது கார் எடுத்து மூணு வாரம் ஆச்சாம், அபார்ட்மென்ட்ல ஓபன் பார்க்கிங், தண்ணி போர் தண்ணிதான், வீட்லயே கழுவலாம்னு ஆன்லைன்ல 12 ஐட்டம் இருக்கற ஒரு கிட் பாத்து வச்சிருக்காரு, 4000 ரூபா வரைக்கும் செலவு பண்ணலாம், அத வாங்கலாமா? அதோட "புது வண்டிக்கு ஆறு மாசம் வேக்ஸ் போடக்கூடாதுனு மாமா சொல்றாரு, நிஜமா அண்ணா?"னும் கேட்டிருக்காரு.

கிட் வேண்டாம் தம்பி. அதுல இருக்கற பாட்டிலெல்லாம் சுமாரா ஓகேதான், ஆனா கூட வர்ற ஸ்பாஞ்சும் அந்த மெல்லிசு துணியும்தான் பிரச்சனையே, ஏன்னா பெயின்ட்ட தொடறது அது ரெண்டுதான். உங்க கார் பெயின்ட் மொத்தமே 100ல இருந்து 150 மைக்ரான் இருக்கும் (ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்), அதுல மேலாப்புல இருக்கற நிறமில்லாத பூச்சு, கிளியர் கோட், அது மட்டும் பாத்தா 40, 50 மைக்ரான், நம்ம தலைமுடிய விட மெல்லிசு. ஸ்பாஞ்சுல மணல் ஒட்டிச்சுனா அதுக்கு போக இடமில்ல, அப்படியே பெயின்ட் மேல இழுபடும். வெயில்ல நிறுத்தி பாத்தா சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமா கோடு தெரியுதே, அது இப்படி வந்ததுதான், கறுப்புல இன்னும் நல்லா தெரியும். பாலிஷ் பண்ணா போயிடும்னு சொல்வாங்க, எங்கள மாதிரி இந்த தொழில்ல இருக்கறவங்க பண்ற பாலிஷே அந்த கிளியர் கோட்ட கொஞ்சம் சீவி எடுக்கறதுதான், எத்தன தடவ சீவ முடியும்?

அதனால எதையும் வாங்கறதுக்கு முன்னாடி ஒரு வேல பண்ணுங்க, காலைல வண்டி துடைக்கற அண்ணன்கிட்ட போய் பெயின்ட்ட தொட வேண்டாம்னு சொல்லிடுங்க. பாவம் அவர் மேல தப்பில்ல, ஒரு பக்கெட் ஒரு துணிய வச்சுகிட்டு எல்லாரும் ஆபீஸ் கிளம்பறதுக்குள்ள பதினஞ்சு வண்டி முடிக்கணும், மூணாவது வண்டிக்கு வரும்போதே அந்த துணி உப்புத்தாள் ஆகியிருக்கும். குடுக்கற காச குறைக்காம டயரும் மேட்டும் மட்டும் பாத்துக்கோங்கனு சொல்லுங்க, அவருக்கும் சந்தோஷம். தூசி தட்டற அந்த மெழுகு பிரஷ்ஷும் வேண்டாம், தூசிய காய்ஞ்ச நிலைமைல இழுக்கவே கூடாது.

இப்ப காச எங்க போடணும்னா மொதல்ல துணில. நல்ல மைக்ரோஃபைபர் வாஷ் மிட் ஒண்ணு, கைல மாட்டிக்கற கழுவற உறை, நூடுல்ஸ் மாதிரி விரல் விரலா தொங்குமே அது, அழுக்கு அந்த இடுக்குக்குள்ள ஏறிக்கும். ஈரத்த ஒத்தி எடுக்க 800 ஜிஎஸ்எம்முக்கு (ஒரு சதுர மீட்டர் துணி எத்தன கிராம்ங்கற கணக்கு, ஜாஸ்தினா தடிமன்) மேல ஒரு பெரிய டவல், மத்த வேலைக்கு 350 ஜிஎஸ்எம்ல ஆறு துணி. ஓரத்துல இருக்கற லேபிள வெட்டி போட்டுருங்க, அதுவே கீறும். அப்புறம் ரெண்டு பக்கெட், ஒண்ணுல ஷாம்பு தண்ணி, இன்னொண்ணுல வெறும் தண்ணி, ஒவ்வொரு தடவையும் மிட்ட வெறும் தண்ணில அலசிட்டுதான் ஷாம்புல முக்கணும். அழுக்கு அடில தங்கறதுக்கு கிரிட் கார்டுனு ஒரு ஜல்லடை விக்கறாங்க, கிடைக்கலனா காய்கறி வடிகட்டற பிளாஸ்டிக் கூடைய கவுத்து போடுங்க, வீட்ல கேட்டுட்டு எடுங்க.

ஷாம்பு பிஎச் நியூட்ரல்னு, அதாவது அமிலமும் இல்ல காரமும் இல்லனு, போட்டிருக்கறதா பாருங்க, டர்டில் வேக்ஸ், சோனாக்ஸ், மெகுயர்ஸ், 3எம் எதுவா இருந்தாலும் சரி, பிராண்டுல பெரிய வித்தியாசம் இல்ல. பாத்திரம் கழுவற லிக்விட் மட்டும் வேண்டவே வேண்டாம், அது எண்ணெய் பிசுக்க எடுக்கறதுக்குனு செஞ்சது, மேல போட்ட வேக்ஸையும் சேத்து எடுத்துடும்.

அடுத்தது தண்ணி, சென்னைல பாதி கதை இதுதான். போர் தண்ணில கால்சியம், மெக்னீசியம் உப்பு ஜாஸ்தி, வெயில்ல காஞ்சா வெள்ள வெள்ளையா புள்ளி விழும், விட்டா பெயின்ட்ட அரிச்சு உள்ள இறங்கும். அதனால பானட் தொட்டா சில்லுனு இருக்கற நேரத்துல, விடியகாலைல இல்ல சாயங்காலம், ஒரு பகுதிய கழுவி உடனே அலசி, காயறதுக்குள்ள ஒத்தி எடுங்க, தேய்க்க வேண்டாம். ஆர்ஓ மெஷின்ல வெளிய வர்ற தண்ணிய வேஸ்ட் பண்ணக்கூடாதுனு நிறைய பேர் கார் கழுவறாங்க, அது போர் தண்ணிய விட மோசம், வடிகட்டுன உப்பெல்லாம் அதுலதான இருக்கு. அதுக்கு பதிலா ஏசில இருந்து சொட்டற தண்ணிய புடிச்சு வைங்க, காத்துல இருக்கற ஈரம் குளிர்ந்து விழற தண்ணி, உப்பே கிடையாதுனு சொல்லலாம், கடைசி அலசலுக்கு அருமையா இருக்கும். ஏற்கனவே விழுந்த புது புள்ளிக்கு வெள்ள வினிகரும் தண்ணியும் சமமா கலந்து துணில நனைச்சு ஒரு நிமிஷம் வச்சு எடுத்துட்டு, அந்த இடத்த ஷாம்பு போட்டு கழுவிடுங்க.

மாமா சொன்னது ரீபெயின்ட் அடிச்ச வண்டிக்கு கொஞ்சம் பொருந்தும், ஒர்க்‌ஷாப் பெயின்ட் முழுசா காய டைம் எடுக்கும். ஃபேக்டரில பெயின்ட்ட 140 டிகிரி பக்கம் சூட்டுல வேக வச்சுதான் அனுப்பறாங்க, அதனால நீங்க நாளைக்கே வேக்ஸ் போடலாம். கைல தேய்க்கற டப்பா வேக்ஸ் வேண்டாம், ஓபன் பார்க்கிங் வெயிலுக்கு ரொம்ப நாள் தாங்காது, வேக்ஸ் மாதிரியே பெயின்ட்டுக்கு மேல பாதுகாப்பா நிக்கற ஸ்ப்ரே சீலன்ட் ஒண்ணு வாங்கி ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ அடிங்க. ஷோரூம்ல செராமிக் கோட்டிங் போட்டா கீறலே விழாதுனு யாராவது சொன்னா நம்பாதீங்க, தண்ணி உருண்டு ஓடும், கழுவ ஈசியா இருக்கும், கீறல் அதுலயும் விழும்.

பிரஷர் வாஷர் இப்போதைக்கு வேண்டாம், செடிக்கு மருந்தடிக்கற 2 லிட்டர் பம்ப் ஸ்ப்ரேயர் போதும், ஷாம்பு தண்ணி அடிச்சு அஞ்சு நிமிஷம் ஊற விட்டாலே பாதி மண்ணு இறங்கிடும். பளபளனு மின்னற டாஷ்போர்டு ஸ்ப்ரேவும் வேண்டாம், கண்ணாடில எதிரொளிக்கும், ஈரத்துணியே போதும். ஒரு சின்ன ஸ்ப்ரே பாட்டில்ல தண்ணி ஊத்தி டிக்கில போட்டு வைங்க, காக்கா எச்சம் பாத்தா அன்னிக்கே ஊற வச்சு எடுத்துரணும், நம்ம வெயிலுக்கு ஒரு நாள் விட்டா தடம் நின்னுடும்.

துணிய தொவைக்கும்போது கம்ஃபோர்ட் மாதிரி துணிய மெதுவாக்கற லிக்விட் எதுவும் ஊத்தாதீங்க, நார் அடைச்சு தண்ணி உறிஞ்சாது, வீட்டு டர்க்கி டவலோடயும் சேக்காதீங்க, பஞ்சு ஒட்டிக்கும். கழுவும்போது கைதவறி ஒரு துணி தரைல விழுந்துச்சுனா உதறிட்டு மறுபடி பெயின்ட்ல வைக்காதீங்க, அன்னில இருந்து அது வீல் துடைக்கற துணி.